பவுண்டில் நின்ற சேதி

எங்கள் பக்கத்தில் அப்பனுக்குக் கொள்ளி வைப்பது தலைமகன். ஆத்தாளுக்கு வைப்பது கடைசி மகன். எனக்குப் பிறந்த இரண்டும் ஆண் என்பதால் இதில் சண்டை வர இடமே இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். "ஆளுக்கு ஒண்ணு. இந்தப் பாகத்துக்குப் பத்திர ஆபீசுக்குப் போக வேண்டியதில்ல" என்பார். சாவு தூரத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் சொன்னது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிறது. ஆனாலும் இன்னொருவரை உட்கார வைத்துச் சொல்லி எழுத எனக்கு மனமில்லை. என் வீட்டில் நடந்ததை ஊர் இரண்டு விதமாகப் பேசுகிறது. பெரியவனுக்காகப் பேசுகிறவர்கள் சின்னவனைக் கள்ளன் ஆக்குகிறார்கள். சின்னவனுக்காகப் பேசுகிறவர்கள் பெரியவனைக் கல்நெஞ்சன் என்கிறார்கள். இரண்டு பேரையும் பெற்றவள் நான். இரண்டு பேச்சும் எனக்கு ஆகாது.

எங்கள் வீடு சின்னமனூரில். நெல் வயல் மார்க்கையன்கோட்டையில். பெரியவன் குளிர்சாதன வேலை படித்துவிட்டு மஸ்கட்டுக்குப் போனான். சின்னவன் மதுரையில் கம்ப்யூட்டர் படித்தான். அவனோடு படித்தவர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போனபோது இவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இங்கனயே இண்டர்நெட் கொடுக்கப் போகிறேன் என்றான். என் வீட்டுக்காரர், "கரண்டே ஒழுங்கா வராத ஊருக்கு எதைடா குடுக்கப் போற?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, மாடியில் நெல் போட்டு வைத்திருந்த அறையை அவரே ஒழித்துக் கொடுத்தார். சுண்ணாம்பும் அவரே அடித்தார்.

மொட்டைமாடியில் இரும்புக் கோபுரம் ஏறியது. தட்டுத் தட்டாக எதையோ மாட்டினான். ஒரு தட்டு தேனியைப் பார்க்கும். மற்றவை கம்பம் பக்கம், காமயகவுண்டன்பட்டி பக்கம், மார்க்கையன்கோட்டை பக்கம். கம்பி இல்லாமல் காற்றிலேயே போகும் என்றான். முதலில் ஏலக்காய்க் கமிஷன் கடைகள் சேர்ந்தன. பிறகு திராட்சைத் தோட்டக்காரர்கள், ஆடிட்டர்கள், வேலைக்கு மனுப் போடுகிற பிள்ளைகள் உள்ள வீடுகள். மெயில் பெட்டியும் இவனே கொடுத்தான்.

ஒரு நாள் பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு, தரையில் பரத்திக் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். நான் காபியை வைத்துவிட்டு என்னவென்று கேட்டேன். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கதவு எண் மாதிரி ஒரு நம்பர் வேண்டுமாம். அந்த நம்பர்களை மதுரையில் ஒரு பெரிய கம்பெனிதான் இவனுக்குக் கொடுத்திருக்கிறது. வேண்டிய மட்டும் கிடைக்காது. கிடைத்ததை ஊர் ஊராகப் பிரித்து வைக்க வேண்டும்.

"அப்ப மொத நம்பர் நம்ம வீட்டுக்குத்தான?" என்று கேட்டேன்.

"மொத நம்பர் வாசலுக்கும்மா. எல்லாரும் வெளிய போறது வர்றது அது வழியாத்தான்."

"வாசல் எங்கன இருக்கு?"

"மாடியிலதான்."

"அப்பச் சரி" என்றேன். அவன் சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பள்ளத்தாக்கு முழுவதும் என் வீட்டு வாசல் வழியாகத்தான் போய்வருகிறது என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

என் வீட்டுக்காரர் தாளைக் குனிந்து பார்த்தார். "காமயகவுண்டன்பட்டிக்கு எதுக்கு இம்புட்டு? அங்கன கேட்டவன் ரெண்டு மூணு பேருதான?"

"இப்ப ரெண்டு மூணு பேருப்பா. நாளைக்குத் தோட்டக்காரக பூராம் கேப்பாக. அப்பப் போயி நடுவுல சொருக முடியாது. இப்பவே எடம் விட்டு வைக்கணும்."

"தென்னம்பிள்ள வைக்கிறாப்லன்னு சொல்லு. அது குட்டையா நிக்கிறப்ப எடம் வீணாப் போற மாதிரித்தான் தெரியும்."

"அதேதாம்ப்பா" என்றான். அன்றைக்கு அப்பனும் மகனும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் தாளைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டதால் குழம்பு சிந்தி, மார்க்கையன்கோட்டைக்கு மேல் ஒரு மஞ்சள் கறை விழுந்தது.

அடுத்து வந்தது ஒரு சங்கடம். கம்பத்தில் ஒரு கமிஷன் கடையின் கம்ப்யூட்டரில் யாரோ அனுப்பிய படத்தைத் திறந்திருக்கிறார்கள். அது படமில்லை, நோய். அந்தக் கம்ப்யூட்டர், கடைக்காரருக்குத் தெரியாமலே உலகத்தில் உள்ளவர்களுக்கெல்லாம் அசிங்க அசிங்கமான மெயிலை இறைத்துக்கொண்டிருந்தது. இப்படி இறைக்கிறவர்களின் நம்பரைக் கறுப்புப் பட்டியலில் போட்டு ஊருக்கெல்லாம் சொல்கிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்களாம். அவர்கள் எங்கள் வாசல் நம்பரையே பட்டியலில் போட்டுவிட்டார்கள். கமிஷன் கடைக்காரர் மட்டுமல்ல, பள்ளத்தாக்கில் எங்களிடம் இருந்த எல்லாருடைய மெயிலும் போன வேகத்தில் திரும்பி வந்தது.

வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார்கள். காமயகவுண்டன்பட்டித் திராட்சைக்காரர் ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்கே வந்துவிட்டார்.

"பழம் கொடியில நிக்கிது. கொச்சிக்காரனுக்கு வெல எழுதுனா திரும்பி வருது. தப்புப் பண்ணவன் எவனோ. என் மெயில எதுக்குய்யா நிறுத்துறாக? நான் என்ன பிட் நோட்டீசா விடுறேன்?"

சின்னவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என் பிள்ளை அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "செருப்பக் கழத்திட்டுப் பேசுங்க" என்று நான்தான் சொன்னேன். அவர் கழற்றினார். ஆனால் பேச்சைக் குறைக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

அதற்குப் பிறகு, இது மாதிரி இண்டர்நெட் நடத்துகிறவர்கள் எல்லாம் கூடுகிற ஒரு வகுப்புக்குச் சென்னைக்குப் போய்வந்தான். நம்பரை எப்படிப் பிரிப்பது, குப்பை மெயிலை எப்படி வடிகட்டுவது, இரண்டையும் அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். வந்ததும் தாள்களை மறுபடி விரித்தான். மெயில் போகிற வாசலைத் தனியாக வைத்தான். ஊருக்கு ஊர் வேலி போட்டான். ஒருவன் செய்த தப்பு அடுத்தவன் தலையில் விழாதபடி பிரித்தான். வெளியே போகிற மெயிலுக்கும் உள்ளே வருகிற மெயிலுக்கும் ஒரு காவல் வைத்தான். அந்தக் காவல், மெயிலைப் பார்த்து மார்க் போடும் என்றான். முழுக்க இங்கிலீஷ் பெரிய எழுத்தில் இருந்தால் இவ்வளவு, தெரியாத ஆள் என்றால் இவ்வளவு, கறுப்புப் பட்டியலில் உள்ள இடத்திலிருந்து வந்தால் ஒரேயடியாக இவ்வளவு. மார்க் கூடிவிட்டால் மெயில் ஆள் கைக்குப் போகாது. தனியாக ஓர் இடத்தில் அடைபட்டு நிற்கும்.

"மேயிற மாட்டப் பிடிச்சுப் பவுண்டுல அடைக்கிற மாதிரி" என்றார் என் வீட்டுக்காரர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பவுண்டு என்றே பேர். சின்னவனும் அப்படியே சொல்ல ஆரம்பித்தான்.

தினமும் காலையில் காபி குடித்தவுடன் அவனுக்கு அதுதான் முதல் வேலை. பவுண்டைத் திறந்து பார்ப்பான். நல்லது ஏதாவது தப்பி விழுந்திருந்தால் எடுத்து உரியவருக்கு விடுவான். "மெசின நம்பி விடக்கூடாதும்மா. நம்ம கண்ணு ஒருக்காப் பாத்துரணும்" என்பான். ஒரு நாளும் விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்து படுத்தான். குப்பை வராத மெயில் என்று அவனுக்குப் பேர் கிடைத்தது. திட்டிவிட்டுப் போன திராட்சைக்காரரே நாலு பேரைச் சேர்த்துவிட்டார்.

இப்படியே இருந்திருக்கலாம்.

ஓர் ஐப்பசி மாதம், மூணாம் நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. விடிகிற நேரத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, சுடுதண்ணி கொடு என்றார். நான் கொண்டுவந்தபோது அவர் சுவரில் சாய்ந்திருந்தார். தண்ணீரை நீட்டினேன். வாங்கவில்லை. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

சின்னவன் மஸ்கட்டுக்கு ஃபோன் போட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரியவன் அழுதது எனக்கே கேட்டது. பிறகு தம்பியிடம், "நான் வந்துருவேன்டா. பாஸ்போட்டு கம்பெனிக்காரங்கிட்ட இருக்கு. கால்ல விழுந்தாச்சும் வாங்கிருவேன். டிக்கெட் கெடச்சதும் சொல்றேன். நான் சொல்ற வரைக்கும் அப்பாவ எடுத்துராதீக" என்றான்.

சின்னவன் சொன்னான்: "இங்கன மழைண்ணே. ஃபோன் எப்ப வேணாலும் போயிரும். கெடைக்கலன்னா மெயில் போடு. எந்த மழைக்கும் நம்ம லைன் சாகாது."

அவன் சொன்ன மாதிரியே ஆயிற்று. பொழுது ஏறுகிற நேரத்துக்கு ஃபோன் செத்தது. தெருவில் செல்போன் வைத்திருந்த ஒன்றிரண்டு பேருக்கும் டவர் இல்லை. எங்கள் மாடித் தட்டுகள் மட்டும் பாட்டரியில் வேலை செய்துகொண்டிருந்தன.

என் கொழுந்தனாரும் பங்காளிகளும் கூடிப் பேசினார்கள். தேனியிலிருந்து ஐஸ் பெட்டி வரவழைத்தார்கள். பெரியவன் கிளம்பிவிட்டான் என்று சேதி வந்தால் எத்தனை நேரமானாலும் காத்திருப்பது, மறுநாள் உச்சி வரைக்கும் சேதி இல்லையென்றால் எடுத்துவிடுவது என்று முடிவானது. அது அநியாயமான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். பெரியவனுடைய மாமனார் செத்தபோது அவனால் வர முடியவில்லை. கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டைத் தரவில்லை. சேதி வரவில்லை என்றால் அவனை விடவில்லை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று முழுவதும் சின்னவன் மாடிக்கும் கூடத்துக்குமாக நடந்தான். போய்ப் பார்ப்பான். இறங்கி வந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவான். இல்லை என்று அர்த்தம். பவுண்டையும் பார்த்தாயா என்று நான் கேட்கவில்லை. அவன் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். பார்த்தும் இருந்தான்.

மறுநாள் காலையில் கூட்டம் கூடிவிட்டது. கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் சனம் வந்து இறங்கியது. வந்தவர்கள் கையைப் பிடித்து அழுதுகொண்டே இருந்ததால், உச்சி நெருங்குகிற நேரத்தில்தான் சின்னவனால் மாடிக்கு ஏற முடிந்தது. கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் மாடிப்படியும், கதவு திறந்திருந்தால் அவன் முதுகும் தெரியும். நான் பிணத்தின் தலைமாட்டில் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் கண் அவன் முதுகிலேயே இருந்தது.

என் நாத்தனார், அதாவது அவன் அத்தை, அப்போதுதான் வந்து இறங்கினாள். அண்ணன் மேல் உயிரானவள். அழுதுகொண்டே வந்தவள் மாடியைப் பார்த்துவிட்டாள்.

"அடேய்! அப்பன் இங்கன கெடக்கான். அங்கன ஒனக்குப் பொட்டியத் தட்டுற வேலையா? ஊரு பூராம் பாக்குதுடா. இன்னைக்கு ஒரு நாளு யேவாரம் நின்னா என்ன கொள்ளையா போயிரும்?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. சாவு வீட்டில் தொழில் பார்க்கக் கூடாது. மாடியில் நடப்பது தொழில் இல்லை, அண்ணனைத் தேடுகிற வேலை என்று அவளுக்கு யார் சொல்வது? நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மதினி, ஒம்மள விட்டுட்டுப் போயிட்டாகளே" என்று அலறினாள். என் சத்தம் அதில் அமுங்கியது. நான் மறுபடி ஜன்னலைப் பார்த்தபோது சின்னவன் இறங்கி வந்துகொண்டிருந்தான். வழக்கமான பெட்டியைப் பார்த்திருக்கிறான். ஒன்றும் இல்லை. பவுண்டைத் திறக்கப் போகிற நேரத்தில் அத்தை சத்தம் கேட்டு, ஊருக்கு முன்னால் வெட்கப்பட்டு எழுந்து வந்துவிட்டான்.

கீழே வந்தவனைப் பங்காளிகள் விடவில்லை. உச்சி வந்துவிட்டது. பெரியவன் சேதி இல்லை. நீர்மாலைக்கு வா என்று சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். மேளம் முன்னால் போக, வாய்க்காலுக்குப் போய்க் குளித்து, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் எடுத்து வருவதுதான் நீர்மாலை. அந்தக் குடத்தைத் தூக்கிவிட்டால் கொள்ளி வைத்து முடிகிற வரைக்கும் வேறு எதிலும் கை வைக்கக் கூடாது. அவன் குடத்தோடு என்னைக் கடந்து போனபோது, "அண்ணன் வரலம்மா" என்றான். மழையிலும் அழுகையிலும் அவன் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களில் பெண்கள் காட்டுக்குப் போவதில்லை. வீட்டைக் கழுவி விட்டார்கள். அவர் கிடந்த இடத்தில் விளக்கு வைத்தார்கள். நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காட்டுக்குப் போன ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பி வந்து, வாசலில் நின்று காலைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு கேரளா வண்டி வந்து நின்றது. கொச்சியில் விமானம் இறங்கி, குமுளி மலைப்பாதையில் மழைக்குள்ளேயே இறங்கி வந்திருக்கிறான் என் பெரியவன். கையில் ஒரு சின்னப் பை. கழுத்தில் கம்பெனி அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

கூட்டத்துக்கு முன்னால் நின்றது சின்னவன். தலை மொட்டை. பெரியவன் அந்த மொட்டைத் தலையைப் பார்த்தான். பையைக் கீழே விட்டான்.

"எடுத்துட்டீகளா?" என்றான்.

கொழுந்தனார்தான் பேசினார். "ஒங்கிட்ட இருந்து ஒரு சேதியும் இல்லியேப்பா. இன்னைக்கு உச்சி வரைக்கும் பாத்தோம்."

"நான் சொன்னேனே. மெயில் போட்டேனே. பிளேன் ஏறுறதுக்கு முன்னாலயே போட்டேனே."

"வரலண்ணே" என்றான் சின்னவன். சொன்ன மாத்திரத்தில் அவன் முகம் மாறியது. ஈர வேட்டியோடு மாடிக்கு ஓடினான். நாங்கள் எல்லாரும் அவன் கால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு சத்தமே இல்லை. அவன் இறங்கி வர நேரமாயிற்று. அவன் நினைத்திருந்தால் ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டிருக்கலாம். மாடியில் என்ன இருக்கிறது என்று எங்களில் யாருக்குத் தெரியும்? ஒரு தட்டுத் தட்டினால் அழிந்துபோகிற பொருள்தான் அது. என் பிள்ளை அதைச் செய்யவில்லை. படியில் நின்றே சொன்னான்.

"வந்துருக்குண்ணே. காலையிலயே வந்துருக்கு. பவுண்டுல நிக்கிது."

பெரியவனுக்குப் பவுண்டு தெரியாது. அவன் ஊரில் இல்லாதபோது வைத்த பேர் அது. சின்னவன் திக்கித் திக்கி விளக்கினான். மஸ்கட்டில் டிக்கெட் வாங்கிய ஏஜென்சியில், அங்கிருந்த ஆளிடம் சொல்லி, அவர்களுடைய மெயிலிலிருந்தே அனுப்பச் சொல்லியிருக்கிறான் பெரியவன். விமானத்துக்கு நேரமாகிவிட்டது. அந்த ஏஜென்சிக்காரன் டிக்கெட் விளம்பரத்தை ஊர் உலகத்துக்கெல்லாம் இறைத்து, கறுப்புப் பட்டியலில் ஏறியவன். போதாததற்கு, எல்லாம் பெரிய எழுத்தில் அடித்திருக்கிறான். டிக்கெட் கிடைத்தது, கிளம்பிவிட்டேன், சாயங்காலம் வந்துவிடுவேன், அப்பாவை எடுக்க வேண்டாம். அவ்வளவுதான் சேதி.

"என் பேரு இருந்துச்சா அதுல?" என்று கேட்டான் பெரியவன். கோபமே இல்லாத குரல். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இருந்துச்சுண்ணே."

"அப்பான்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பெறகு எதுக்குடா நிறுத்துச்சு?"

"மெசினு பேரப் பாக்காதுண்ணே. எந்த எடத்துல இருந்து வருதுன்னு பாக்கும். அந்த ஏஜென்சிக்காரன்..."

"அவன் யாரோ. சொன்னது நான்லடா."

தப்புப் பண்ணவன் எவனோ, என்னுடையதை ஏன் நிறுத்தினீர்கள் என்று இதே வீட்டுக் கூடத்தில் ஒருவர் கத்திவிட்டுப் போனது சின்னவனுக்கு நினைவு வந்திருக்கும். எனக்கு வந்தது. அந்தக் கொடுமையை அனுபவித்துவிட்டு, இனி யாருக்கும் வரக்கூடாது என்றுதான் அவன் காவல் வைத்தான். அது அவன் அண்ணனையே வாசலில் நிறுத்திவிட்டது.

நாத்தனார் பெரியவன் காலடியில் விழுந்து, "நாந்தான்டா அவன எந்திரிச்சு வரச் சொன்னேன், என்ன அடிடா" என்று மண்ணில் புரண்டாள். பெரியவன் அவளைத் தூக்கி உட்கார வைத்தான். "நீ என்ன செய்வ அத்த" என்றான். அத்தையை மன்னிக்க முடிந்தது அவனுக்கு.

மறுநாள் எலும்பு எடுத்துப் பால் தெளிக்க வேண்டும். அதையாவது பெரியவன் செய்யட்டும் என்று பங்காளிகள் சொன்னார்கள். சின்னவன் பாத்திரத்தை அண்ணன் கையில் கொடுக்க நீட்டினான். பெரியவன் வாங்கவில்லை. "வச்சவனே அள்ளட்டும்" என்றான். வயலையும் வீட்டையும் தம்பி எழுதி வாங்கியிருந்தால்கூட விட்டிருப்பேன் என்று என்னிடம் மட்டும் சொன்னான். "அது மண்ணு. திருப்பி வாங்கலாம். இத எங்கன போயி வாங்குவேன்?" கருமாதி முடிந்ததும் மஸ்கட்டுக்குப் போய்விட்டான். தம்பியோடு அதற்குப் பிறகு பேச்சில்லை.

சின்னவன் மாடிக்குப் போய்க் காவலை எடுத்துவிட்டான். எந்த மெயிலையும் நிறுத்துவதில்லை என்று வைத்தான். எல்லார் பெட்டியிலும் குப்பை நிறைந்தது. பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இப்படி வரலாமா என்று ஆடிட்டர் வந்து சத்தம் போட்டார். திராட்சைக்காரர் சத்தம் போடவில்லை. "மறுபடி வைப்பா. நல்லாத்தான இருந்துச்சு" என்று கெஞ்சினார். இவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். வைக்கவில்லை. ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் ஒரு பெரிய கம்பெனி வந்து, மிச்சம் இருந்தவர்களையும் கோபுரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. இவன் ஊர் ஊராக இடம் விட்டுப் போட்டு வைத்த நம்பர்கள் எல்லாவற்றையும் அவர்கள் மாற்றிவிட்டார்கள். இவனுக்கும் தேனியில் அவர்களுடைய ஆபீசிலேயே வேலை கொடுத்தார்கள். நம்பர் பிரிக்கிற வேலை மட்டும் பார்க்கிறான். மெயில் பக்கம் போகமாட்டேன் என்று சேரும்போதே சொல்லிவிட்டானாம். காலையில் காபி குடித்ததும் சும்மா உட்கார்ந்திருப்பான். அப்போது அவன் கையைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

பெரியவன் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறான். தேனியில் மாமியார் வீட்டில் தங்குகிறான். தம்பி வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து என்னைப் பார்க்க வருகிறான். நான் சோறாக்கிப் போடுவேன். சாப்பிட்டுவிட்டு அப்பா போட்டோவுக்குக் கீழே கொஞ்ச நேரம் படுத்திருப்பான். இந்த வருஷம் வந்தபோது அப்படிப் படுத்துக்கொண்டே கேட்டான்.

"அம்மா, ஒனக்காச்சும் நான் வைக்கிறேம்மா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தேன்.

"ஒனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஆனா சொல்லி வச்சுரு. பெரியவன்தான் வைக்கணும்னு சித்தப்பாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு. நான் போதும்னு நெனச்சுக்கிருவேன். அவங்கூடப் பேசவும் செய்வேன்."

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் என் பிள்ளைகள் சேர்ந்துவிடுவார்கள். எத்தனை கோயிலில் நான் கேட்டது அது. ஆனால் அப்படிச் சொன்னால் ஊர் என்ன பேசும்? ஆத்தாளே சின்னவனிடமிருந்து கொள்ளியைப் பிடுங்கிவிட்டாள், அப்படியென்றால் அவன் சேதியை ஒளித்த கள்ளன்தான் என்று முடிவு கட்டிவிடும். எனக்கு வைக்க வேண்டியவன் அவன். அவனுக்கு இருக்கிற பாகம் அது ஒன்றுதான். நான் செம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பெரியவனும் வற்புறுத்தாமல் எழுந்து போனான்.

சின்னவனிடம் மறைக்க எனக்குத் தெரியவில்லை. அவன் வேலை விட்டு வந்து கை கால் கழுவியதும் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான். துடைத்து முடித்தும் துண்டை எடுக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்தே சொன்னான்.

"குடுத்துரும்மா. அண்ணனுக்கே குடுத்துரு."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. "அது என்ன காமயகவுண்டன்பட்டி நம்பராடா, நீ பிரிச்சுக் குடுக்க? நான் ஒன் ஆத்தாடா" என்றேன்.

அவன் துண்டைக் கொடியில் போட்டான். "எனக்குத்தான் அன்னைக்கே கொள்ளி வச்சாச்சேம்மா" என்றான்.

நான் சோறு போட்டேன். அவன் சாப்பிட்டான். வெள்ளிக்கிழமைதோறும் மஸ்கட்டிலிருந்து ஃபோன் வருகிறது. பெரியவன் என் முழங்காலைக் கேட்கிறான், மாத்திரையைக் கேட்கிறான், மழையைக் கேட்கிறான். அதை மட்டும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. கொழுந்தனார் தெருவில் போகும்போது சில நாள் கூப்பிட வாய் வரும். கூப்பிட்டுவிட்டு, காபி குடிச்சிட்டுப் போங்க என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.